பந்துக்கு அடியில் தேங்காய் எண்ணெய்

ஏப்ரல் 9, வியாழன்

இந்த டைரியை ஒரு பேரிங் கடைக்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்தார். மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. காகிதம் வீணாவது எனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

வேலை: கோவை அவிநாசி ரோட்டில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் கேம் சென்டர். மெஷின் கெட்டால் சரி செய்பவன் நான். முன்பு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்கு பேரிங் மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எதிரி தண்ணீர். இங்கே எதிரி பாப்கார்ன். வெண்ணெய்க் கையோடு வந்து எல்லாப் பட்டனையும் தடவிவிட்டுப் போகிறார்கள், பெற்றவர்கள் பக்கத்தில் நின்று அதை வீடியோ எடுக்கிறார்கள்.

மூலையில் ஒரு கோல்ஃப் மெஷின் இருக்கிறது. ஸ்டியரிங் கிடையாது, துப்பாக்கி கிடையாது. பலகையில் பாதி புதைந்த ஒரு வெள்ளைப் பந்து மட்டும், சாத்துக்குடி அளவு. உள்ளங்கையால் அதைப் பின்னால் இழுத்து முன்னால் உருட்டித் தள்ள வேண்டும். தள்ளும் வேகத்துக்கு ஏற்ற தூரம் திரையில் இருக்கும் ஆள் அடிப்பான். எத்தனை கெஜம் என்று எண் வரும். யாரும் அதன் பக்கம் போவதில்லை.

இன்று மத்தியானம் ஒரு அம்மா போனார். நாற்பது வயது இருக்கும். பூப்போட்ட சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அடிபட்ட கையாலேயே ஆடினார். தொண்ணூறு கெஜம் போய்ப் பந்து குளத்தில் விழுந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. திரையைப் பார்த்து, "தண்ணி நல்லாருக்குதா?" என்று கேட்டார்.

பொதுவாக நான் ஆடுபவர்களைப் பார்ப்பதில்லை. மெஷினைத்தான் பார்ப்பேன்.

ஏப்ரல் 11, சனி

கவுன்ட்டரில் இருக்கும் ஃபர்ஜானா ஐந்து நிமிடத்தில் யாருடைய ஜாதகத்தையும் வாங்கிவிடுவாள். அந்த அம்மா பெயர் கோகிலவாணி. மால் வாசல் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். பொங்கல் முடிந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நாய் குறுக்கே வந்து வண்டி சாய்ந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டதாம், வலு வரவில்லையாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, வலது கை நல்லாத்தான இருக்குது. அதுல ஆடலாமில்லீங்க?"

"ஆட்டோ ஓட்டியிருக்கீங்ளா?"

"இல்லீங்க."

"கிளச்சு, கியரு ரெண்டும் இடது கைலதானுங்க. புடிச்சு, திருவி, உடோணும். காந்திபுரம் போய்ட்டு வர்றதுக்குள்ள எத்தன வாட்டின்னு நெனைக்கறீங்க? வலது கை ராசாவாட்டம் ஆக்ஸிலேட்டரப் புடிச்சுட்டு உக்காந்திருக்கும். வேலை பூராவும் இந்தக் கழுதைதான் செய்யுது."

ஆஸ்பத்திரியில் பிழிவதற்கு ஒரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்திருக்கிறார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "பிழிஞ்சா அமுங்குது, உட்டா உப்புது. முந்தாநாளைக்கு இன்னைக்குத் தேவலையான்னு அது சொல்லுமுங்ளா? இது எத்தன கெஜம்னு சொல்லுது பாருங்க."

ஏழு பிள்ளைகளை வேறொரு ஆட்டோக்காரர் இப்போதைக்கு ஏற்றிப்போகிறார். ஜூன் ஒன்றாம் தேதி ஸ்கூல் திறக்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆனால் கை முழுசாக வராமல் ஏற்ற மாட்டாராம்.

"வண்டி சாஞ்சப்ப உள்ள புள்ளைங்க இல்ல. அதுக்கே கோனியம்மனுக்கு வருசாவருசம் பொங்க வெக்கோணும். இன்னொருக்கா அவளைச் சோதிக்க மாட்டனுங்க."

நல்ல பேச்சு. டிரைவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. செவ்வாய் என் லீவு நாள், பண்டிகை என்று கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டம். மூன்று ஸ்டியரிங் உடைந்தது. அவர் வரவில்லை. பண்டிகைக்கு யார் வருவார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

நூற்றிருபது கெஜம். குளத்தைத் தாண்ட நூற்றைம்பது வேண்டும்.

அவர் ஆடும் விதத்தை எழுதிவைக்க வேண்டும். காலை அகட்டி நிற்பார். இழுக்கும்போது மூச்சை இழுப்பார், தள்ளும்போது விடுவார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் மணிக்கட்டில் ஊதிக்கொள்வார், சூடான டம்ளரைப் பிடித்த மாதிரி. வலிக்கிறது என்பது முகத்தில் தெரியும். ஆனாலும் வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதே இல்லை. யாரும் பார்க்காதபோதும் வருவதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சென்னியண்ணா," என்றாள் ஃபர்ஜானா, "கோல்ஃப் மெஷின் இன்னும் ரிப்பேர் ஆகலையா? மத்தியானம் ஆனா அங்கயே நிக்கிறீங்க?"

வோல்டேஜ் பார்க்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு பந்தை உருட்டிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. சேற்றில் உருட்டுவது போல அப்படி ஒரு கனம். நல்ல கைக்கே பிடித்து இழுக்கிறது. இதை அந்தக் கையால் தள்ளி நூற்றிருபது அடித்திருக்கிறார்!

செவ்வாய் எனக்கு லீவு. இருந்தாலும் வந்து கழற்றப்போகிறேன். மெஷினுக்காகத்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கழற்றியாயிற்று.

பந்து உள்ளே மூன்று உருளைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் உருளையின் இரண்டு முனையிலும் ஒரு குட்டி பேரிங், சட்டைப் பொத்தான் அளவு. பந்து சுற்றினால் உருளை சுற்றும், அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். எளிமையான பொருள்களுக்குத்தான் என்னிடம் மரியாதை அதிகம்.

மேல் வளையத்தை எடுத்ததும் வழக்கமான குப்பை: முடி, நூல், விரல் அழுக்கு உருண்டு உருளையில் கறுப்புப் பட்டையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அதற்கு இந்தக் கனம் வராதே என்று பேரிங்கைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக என்னமோ உறைந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

ஃபர்ஜானாவைக் கூப்பிட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்: "கீச்சுகீச்சுன்னு சத்தம் வந்துச்சுண்ணா. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. என் பேக்ல தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இருந்துச்சு. ஊத்தினதும் சத்தம் நின்னுடுச்சே!"

நிற்கும். இங்கே ஏசி இருபதில் ஓடுகிறது. மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாதே, அதே கதைதான் பேரிங்குக்குள்ளும். பேரிங்குக்குத் தலைமுடியா இருக்கிறது?

ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் கழுவி, ஊதிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். பந்தைப் பாத்திர சோப்பால் கழுவினேன். எல்லாம் மாட்டிவிட்டு ஒரு சுண்டு சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போய் டீ வாங்கி வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்.

நாளைக்கு அவர் ஆடும்போது பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

இருநூற்று நாற்பது கெஜம். குளம், மணல், எல்லாவற்றையும் தாண்டி, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

அவர் திரையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு போட்ட சத்தத்தில் துப்பாக்கி மெஷினில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வந்துருச்சுங்க! கை வந்துருச்சுங்க!" ஃபர்ஜானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"நேத்து வரைக்கும் நூத்திருவது. ஒரு நாள்ல பாருங்க! அம்மன் கண்ணத் தொறந்துட்டா. இன்னைக்கே ஏழு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிர்றேன், ஸ்கூல் தொறந்ததும் நான்தான் வருவேன்னு."

அம்மன் இல்லை, தையல் மெஷின் எண்ணெய். நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை. "சந்தோசமுங்க" என்றேன்.

ஏப்ரல் 23, வியாழன்

எள்ளுருண்டை கொண்டுவந்தார், எனக்கும் சேர்த்து. நல்ல எள்ளுருண்டை. பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

தண்ணீர் பாட்டிலின் மூடியை இடது கையால் திருகிப் பார்த்தார். திறக்கவில்லை. சேலைத் தலைப்பை வைத்துத் திருகினார். பிறகு பேச்சு வாக்கில் அதை ஃபர்ஜானாவிடம் நீட்டினார், அவளும் பேச்சு வாக்கில் திறந்து கொடுத்தாள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பாட்டில் மூடி திறக்காத கை. ஏழு பிள்ளைகள். லட்சுமி மில் சிக்னலில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது கிளச் பிடி நழுவினால்?

ஏப்ரல் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பந்துக்கு அடியில் என்ன இருந்தது, என்ன செய்தேன், எல்லாம்.

"அப்ப என்ற கை?"

"கை கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டுத்தான் இருக்குதுங்க. ஆனா அன்னைக்கு மாறுனது கை இல்லீங்க, பந்து."

"எப்பத் தொடச்சீங்க?"

"செவ்வாக்கெழமை."

"புதங்கெழமை நான் குதிச்சப்ப நீங்க இங்கதான நின்னுட்டிருந்தீங்க?"

"ஆமாங்க."

"ஏழு வீட்டுக்கும் சொல்லிட்டனுங்க." அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ."

அவர் வாங்கிய கேம் கார்டில் இன்னும் ஆட்டம் பாக்கி இருந்தது. ஆடாமல் போய்விட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கூட்டம். அவர் வரவில்லை.

ஏப்ரல் 29, புதன்

வரவில்லை. ஃபர்ஜானா என்னோடு பேசுவதில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றியது அவள், பேசாமல் இருப்பதும் அவள்.

இன்று கோல்ஃப் மெஷினை யாரும் தொடவில்லை. பந்து அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

மே 4, திங்கள்

பதினோரு மணிக்கு வந்தார். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"அந்தத் தேங்காயெண்ணெயத் திருப்பி ஊத்துங்க."

எனக்குப் புரியவில்லை.

"லேசான பந்த உருட்டுனா அது வெளையாட்டுங்க. கனமான பந்துல நூத்திருவது அடிச்சேன், அது நெசம். அதே கனத்துல எரநூத்தி நாப்பது அடிச்சுட்டன்னா கை வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் புள்ளைங்கள ஏத்தறேன். ஏழு வீட்டுக்கும் திருப்பிச் சொல்லிட்டேன், கொஞ்சம் பொறுங்கன்னு."

ஏமாந்துபோன அளவையே எடுத்துத் தனக்குப் பரீட்சையாக வைத்துக்கொள்கிறவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கோபித்துக்கொண்டு போனவர் இத்தனை நாளும் உட்கார்ந்து இதைத்தான் யோசித்திருக்கிறார்.

ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. சுத்தம் செய்த பேரிங்கில் தேங்காய் எண்ணெயா? வேறு கெட்டியான எண்ணெய் போடலாம் என்றேன். "அதே எண்ணெய்ங்க" என்றார். ஃபர்ஜானா பேக்கிலிருந்து பாட்டிலை எடுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையில் வைத்தாள். இத்தனை வருடச் சர்வீஸில் முதல் தடவையாக என் கையால் ஊற்றினேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

மாட்டும்போது அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "மூணு சக்கரமுங்ளா? அப்ப இதுவும் ஆட்டோதான்."

மீதி எண்ணெயை அந்தப் பாட்டிலோடு மெஷின் தலைமேல் வைத்துவிட்டோம். இது அவர் யோசனை. பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாக நின்றால் உள்ளேயும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைய ஆட்டம் கணக்கில் சேரும்.

மூடிவைத்து, எண்ணெய் உறைய ஒரு மணி நேரம் பொறுத்து, ஆடினார். நூற்றிருபத்தைந்து. குளம். "பரவால்லீங்க. இது என்ற கை அடிச்சதுங்க," என்றார்.

மே 13, புதன்

நூற்றைம்பத்தைந்து. குளத்தைத் தாண்டிவிட்டார். ஸ்பாஞ்ச் பந்தையும் இப்போது பிழிகிறார், ஆஸ்பத்திரிக்கும் ஒழுங்காகப் போகிறார். பேண்டேஜ் எடுத்தாயிற்று. மணிக்கட்டு மெலிந்திருக்கிறது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கருவாடாட்டம் இருக்குதுங்ளா?" என்றார்.

இல்லை என்றேன். வோல்டேஜ் பார்க்கப் போய்விட்டேன்.

மே 22, வெள்ளி

நூற்றெண்பத்தைந்து.

மே 30, சனி

திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கிறது. இன்றைக்கு அடித்தாக வேண்டும் என்று வந்தார். ஏழு வீட்டில் ஐந்து வீடு காலையிலேயே போன் போட்டுவிட்டதாம்.

ஃபர்ஜானா கவுன்ட்டரை விட்டு வந்து நின்றாள். முதல் ஆட்டம் இருநூற்றுப் பத்து. இரண்டாவது இருநூற்று முப்பது. மூன்றாவது இருநூற்றைம்பது! ஃபர்ஜானா விசில் அடித்தாள், அவளுக்கு விசில் வரும் என்பதே இன்றுதான் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். மத்தியானம் முதல் ஏசி கம்ப்ரசர் ஓடவில்லை, கீழேயிருந்து ஆள் வந்துகொண்டிருக்கிறார். இந்தத் தடவை சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் அவரே கழுத்தைத் துடைத்த கையோடு அண்ணாந்து ஏசியைப் பார்த்தார். மெஷின் மேலிருந்து பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் தண்ணீர் போல ஓடியது.

பாட்டிலை நேராக நிமிர்த்திப் பிடித்தார்.

"இது கணக்குல சேராதுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லீங்ளா?"

"சேராதுங்க," என்றேன்.

"அக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் ஃபர்ஜானா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கிளச்சுக்குத் தெரியுமல்லோ அம்மிணி."

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். வெளியே போய்ப் போன் போட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏழு தடவையும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

நான் பெரிய பெரிய மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன். அளவு தவறினால் தன்னையே தள்ளுபடி செய்யும் ஒன்றைப் பார்த்ததில்லை. இந்த அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை. மரியாதை என்றே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 1, திங்கள்

காலையில் சீக்கிரம் வேலைக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி ஜன்னலில் ஸ்டாண்ட் தெரியும். வேறு காரணம் இல்லை.

அவர் ஆட்டோ தார்ப்பாய்க்குள் இருந்தது. இன்னொருவர் வண்டியில் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கோகிலவாணி அந்த வண்டியைச் சுற்றி வந்து பைகளைச் சரியாக மாட்டி, ஒரு பெண்ணின் ரிப்பனை இறுக்கிக் கட்டி, டிரைவரிடம் விரலை நீட்டி என்னவோ மிரட்டிவிட்டுப் போகச் சொன்னார். வண்டி திரும்பும் வரை நின்றார். பிறகு மாடிக்கு வந்து, "பாட்டிலப் பாருங்க" என்றார்.

வெள்ளை. இருநூற்றைந்து.

ஜூன் 13, சனி

ஏசி பத்தொன்பதில். பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கினேன், எண்ணெய் அசையவில்லை. ஃபர்ஜானாவும் உலுக்கினாள். அவரும் உலுக்கினார்.

காலை அகட்டினார். வலது கை பின்னால் போயிற்று. இழுத்தார். தள்ளினார்.

இருநூற்று நாற்பத்திரண்டு.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அவர் திரையை ஒரு தரம்தான் பார்த்தார். இன்னொரு முறை பாட்டிலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து புதுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, இடது கையால் மூடியைப் பிடித்து ஒரே திருகு. திறந்து கொண்டது. பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"குடிங்க. நீங்கதான ரொம்ப வேர்த்துப் போய் நிக்கறீங்க."

குடித்தேன். அதன் பிறகு சர்வீஸ் ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். கண்ணில் ஸ்பிரிட் பட்டுவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகப் பந்தைக் கழற்றி, தேங்காய் எண்ணெயைச் சுத்தமாகக் கழுவி, தையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். பேரிங்குகளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். பாட்டிலை ஃபர்ஜானாவிடம் திருப்பிக் கொடுத்தேன், இனி தலைக்கு மட்டும் என்று சொல்லி.

சாப்பாட்டு நேரத்தில் கீழே வரச் சொன்னார். தார்ப்பாய் இல்லை. வண்டி கழுவி, சந்தனம் வைத்து, மூன்று சக்கரத்துக்கும் முன்னால் மூன்று எலுமிச்சம்பழம். நாலாவது ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இது உங்க மெஷினுக்கு. அதையும் ஒரு வண்டின்னுதான நாம சொன்னோம். மேல கொண்டுபோய் வெச்சுருங்க. உங்க எடை எத்தனைங்க?"

"எழுபத்தெட்டு. ஏனுங்க?"

"நாளைக்குப் புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னால ஒரு ஆள வெச்சு ஓட்டிப் பாக்கோணுமல்லோ. மூணு புள்ளைங்க எடை வருவீங்க. ஏறுங்க."

பழங்கள் மூன்றும் நசுங்கி வண்டி கிளம்பியது. லட்சுமி மில் சிக்னல் வரை போய்த் திரும்பினோம். நான் முழு நேரமும் அந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்தது, திருகியது, விட்டது. சிக்னலில் நிஜமாகவே பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒரு குலுக்கல் இல்லை. அவ்வளவு அழகாக ஒரு கியர் விழுந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டாண்டில் இறங்கினேன். எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். நாளையிலிருந்து அவர் ஆடுவதற்காக மாடி ஏறி வர வேண்டிய அவசியம் இல்லை. அப்போதுதான் சொன்னேன், முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது, பேரிங்காக இருக்கலாம், செவ்வாய் எனக்கு லீவுதான், கழற்றிப் பார்த்துவிடலாம் என்று.

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"ஆமாங்க," என்றார். "நானும் ரெண்டு நாளாக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அந்த வண்டி தார்ப்பாயை விட்டு வெளியே வந்ததே இன்று காலையில்தான். பேரிங் சத்தம் கேட்டே பழகிய காது என்னுடையது. முன்சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை.